போர்க்கால மண் அரண்களை வான்படங்களில் இனங்காணல்

போருக்காக வெட்டி, பின்னர் தூர்க்கப்பட்ட அகழி, பதுங்குகுழி, மண்மேடு ஆகியவற்றின் தடங்களை விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கண்டறியும் தொல்லியல் முறை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்து.

இரண்டாம் உலகப்போரின்போது, 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் ஜெர்மானியர் அடுத்துத் தங்கள் கரையில்தான் இறங்குவார்கள் என்று பிரித்தானியர் அஞ்சினர். உள்நாட்டுப் படைத் தளபதி எட்மண்ட் அயர்ன்சைடு நாட்டின் குறுக்கே தடுப்பு வரிசைகளை அமைத்தார். ஆறும் கால்வாயும் இல்லாத இடங்களில் டாங்கிகளை மறிக்க அகழி வெட்டினர். ஜூலையில் அவரிடமிருந்து பொறுப்பேற்ற ஆலன் புரூக்குக்கு இத்தகைய நிலையான வரிசைகளில் நம்பிக்கை இல்லை. அவ்வரிசைகளில் கட்டிய கான்கிரீட் காவலரண்கள் பல இன்றும் வயலோரங்களில் நிற்கின்றன. அகழிகளோ பெரும்பாலும் உழவுக்குள் போய்விட்டன.

அவற்றைத் தேட முதலில் புரட்ட வேண்டியவை 1940களில் பிரித்தானிய விமானப்படை எடுத்த செங்குத்துப் படங்கள். ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி எடுத்த அடுத்தடுத்த இரு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் பள்ளமும் மேடும் கண்முன் எழும். படத்தைத் திருப்பி, நிழல் நம் பக்கம் விழும்படி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பள்ளம் மேடாகத் தோன்றிக் குழப்பும்.

டாங்கி அகழி வரப்புகளைப் பொருட்படுத்தாமல் நேராக ஓடி, திடீரெனக் கோணத்தில் திரும்பும். வயல் வடிகாலோ பெரும்பாலும் வரப்பையும் சரிவையும் ஒட்டியே போகும். காலாட்படையின் பதுங்குகுழிகள் வளைந்து நெளிந்தோ பல்வரிசை போலவோ அமையும். உள்ளே நுழைந்த எதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுடமுடியாதபடி செய்த ஏற்பாடு அது. எதிரியின் கிளைடர்கள் (எஞ்சினில்லா விமானங்கள்) இறங்காதிருக்கத் திறந்த வெளிகளிலும் பள்ளங்கள் தோண்டினர். 1939இல் ஆங்கிலோ-சாக்சன் கப்பல் புதையல் கிடைத்த சட்டன் ஹூவையும் அவை விட்டுவைக்கவில்லை. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் புதிய வெட்டு வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும். குழியை என்னதான் மூடி மறைத்தாலும், வீரர்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை அதைக் காட்டிக்கொடுக்கும்.

தூர்த்த அகழியையும் பயிர் காட்டும். அங்கே மண் ஆழமாக இருப்பதால் ஈரம் நிற்கும். வறட்சியில் சுற்றிலும் பார்லி மஞ்சளித்தாலும் அகழியின் மேல் பச்சைக் கோடு தெரியும். 2018 கோடையில் பிரித்தானியாவில் மண்ணுக்குள் மறைந்திருந்த பல தடங்கள் இப்படி வெளிப்பட்டன.

வட்டத் தடங்களில் எச்சரிக்கை தேவை: தேடுவிளக்கு நிலையத்தைச் சுற்றிய பள்ளம் வெண்கலக் காலப் புதைமேட்டின் பள்ளம் போலவே தோன்றும். முதல் உலகப்போர்ப் பயிற்சிக் குழிகளும் ஏமாற்றும். எனவே ஒரே படத்தை வைத்து முடிவு கூறுவது சரியன்று. 1940க்கு முந்தைய படத்திலோ வரைபடத்திலோ இல்லாமல், போர்க்காலப் படத்தில் புதுமண்ணோடு தெரிவதையே போர்க்கால அரணாகக் கொள்ளலாம்.