முதலெழுத்தை நம்பாத ஸ்கிரிப்ட்

1980களின் யூனிக்ஸ் கணினிகள் ஒன்றையொன்று தொலைபேசி வழியே அழைப்பதற்காக எழுதப்பட்ட லாகின் ஸ்கிரிப்டுகளைப் படிப்பவர் ஒரு விந்தையைக் காண்பர். எதிர்முனைக் கணினி அனுப்பும் சொல் ‘லாகின்:’. ஸ்கிரிப்ட் காத்திருப்பதோ ‘ஆகின்:’ என்பதற்காக. ‘பாஸ்வேர்ட்:’ என்பதும் அவ்வாறே ‘ஸ்வேர்ட்:’ ஆகிவிடுகிறது. (ஆங்கிலத்தில் ஒரு மெய்யை வெட்டினால் போதும். நம் எழுத்திலோ ‘லா’வை ‘ஆ’வாக மாற்றித்தான் இதைக் காட்ட முடிகிறது.) இது எழுத்துப் பிழையன்று; தோல்விகள் கற்றுத் தந்த வழக்கம்.

பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் உருவாக்கிய யூயூசிபி, 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் பரவியது. ஒரு கணினி தானே மற்றொன்றை அழைத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து உள்நுழைந்து, அஞ்சலை மாற்றிக்கொள்ளும். பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவில், அருகில் ஆளின்றி நடந்த உரையாடல் அது. ஆகவே அதை முன்னதாகவே எழுதிவைக்க வேண்டியிருந்தது: இதை எதிர்பார், அதை அனுப்பு, பின் அடுத்ததை எதிர்பார்.

சிதைந்த சொல்லையும் மனிதர் ஊகித்து அறிவர். ஸ்கிரிப்டுக்கு அந்த ஆற்றல் இல்லை. இணைப்பு கிடைத்த கணத்தின் இரைச்சலில் முதலெழுத்து கெடக்கூடும். சில கணினிகள் அதைப் பெரிய எழுத்தாகவும் அனுப்பின. இரண்டு இடர்களும் ஒரே எழுத்தின்மேல் விழுந்தமையால், அதை வெட்டிவிட்டனர்.

வேகம் ஒத்துப்போகாவிடில் வருவதெல்லாம் குப்பை. அப்போது ‘பிரேக்’ என்னும் குறிப்பை அனுப்பினால் எதிர்முனை அடுத்த வேகத்துக்கு மாறி மீண்டும் கேட்கும். ஸ்கிரிப்டின் நடுவே சிறுகோடுகளுக்கிடையே இதற்கும் இடம் வைத்திருந்தனர். நாம் பேச்சில் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்பதற்கு நிகரானது இது. உரையாடல் ஆய்வு பயின்றவர்களுக்கு இவ்விடம் சுவையானது.

இன்னொரு பொறியும் உண்டு. பயனர் பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் அனுப்பினால், பெரிய எழுத்து மட்டுமே அறிந்த பழைய முனையம் பேசுவதாக யூனிக்ஸ் கருதிக்கொள்ளும். தானும் பெரிய எழுத்திலேயே மறுமொழி தரும். சிறிய எழுத்தை எதிர்நோக்கிய ஸ்கிரிப்ட் கெடு முடியும்வரை வாளாவிருக்கும். அழைப்புக் கட்டணம் மட்டும் ஓடும்.

வெட்டிய சொல்லும் இடர் தராமல் இல்லை. உள்நுழைந்ததும் பல கணினிகள் ‘லாஸ்ட் லாகின்:’ என முந்தைய வருகையின் நேரத்தைக் காட்டும். ‘ஆகின்:’ மீண்டும் வந்தால் நுழைவு மறுக்கப்பட்டது என்று எழுதிய ஸ்கிரிப்ட், வெற்றியையே தோல்வியாகப் படிக்கும். குறைவாக எதிர்பார்த்தால் தேவைக்கு மேல் பொருந்திவிடும். முழுமையாக எதிர்பார்த்தால் ஒன்றும் பொருந்தாது. பழுது பார்ப்பவர் அழைப்பு நிரலைப் பிழைதேடல் நிலையில் இயக்கி, வந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நாங்கள் ஒலிப்பதிவைப் பெயர்த்தெழுதும் வேலைக்கும் இதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை. பல மறுமொழிகளுக்கு ஒருசேரக் காத்திருந்து, வந்ததற்கேற்பக் கிளை பிரியும் டான் லைப்ஸின் ‘எக்ஸ்பெக்ட்’ 1990இல்தான் வந்தது.

இந்தியாவில் சென்னை ஐஐடி உள்ளிட்ட கல்வி நிறுவனங்களை இணைத்த எர்நெட்டின் தொடக்ககால அஞ்சலும் யூயூசிபி வழியே, தொலைபேசிக் கம்பிகளில் சென்றதுதான். அந்நாளைய ஸ்கிரிப்டுகள் எவரிடமேனும் இருக்கின்றனவா என்று கேட்கத் தயக்கமாக உள்ளது. யூயூசிபியில் தொலைபேசி எண், பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் ஒரே வரியில் மறைப்பின்றி எழுதப்பட்டிருக்கும். அத்தகைய கோப்பை யார் பத்திரப்படுத்தி, பிறரிடம் கொடுப்பார்?