தப்புதலும் மீட்பும்

பின்னாளில் ‘டான் குயிக்ஸாட்’ எழுதிய செர்வாண்டிஸ் 1575இல் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டார். அல்ஜியர்ஸிலிருந்து நான்கு முறை தப்ப முயன்று தோற்றார். ஸ்பானிய மொழியில் இதற்கு எச்சொல் தகும்? ‘உயீர்’ (தமிழ்க் காதுக்கு உயிர் என்றே கேட்கிறது, தற்செயல்தான்) ஆபத்துக்கு அஞ்சி ஓடுவது. 1577இல் குகையில் ஒளிந்திருந்த தோழர்கள் காட்டிக்கொடுக்கப்பட்டபோது பழி முழுவதையும் தன்மேல் ஏற்றுக்கொண்டவருக்கு அது பொருந்துமா? காவலை மீறி வெளியேறுவதைச் சொல்லும் ‘ஃபுகார்சே’தான் நெருங்கி வருகிறது. இவ்விரண்டும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை என்பது வேறு கதை. ‘எஸ்கபார்’, பிடித்தவன் கையில் மேலங்கியை விட்டுவிட்டு நழுவும் படிமத்திலிருந்து பிறந்தது. அதன் வழிவந்த ‘எஸ்கபாதா’ இன்று ஓரிரு நாள் உல்லாசப் பயணம்! 1580இல் திரித்துவ சபைத் துறவிகள் 500 எஸ்குதோ கொடுத்து அவரை விடுவித்தனர். அதற்குரிய சொல் ‘ரெஸ்காத்தே’: மீட்பும் அதுவே, மீட்புப்பணமும் அதுவே.