வளையின் விலை: அலோகோசா செனெக்ஸ் ஓநாய்ச் சிலந்தியில் ஆண் பெண் பங்குகள்

ஓநாய்ச் சிலந்திகளில் இணை தேடி அலைவது பெரும்பாலும் ஆண்தான். முன்கால்களை அசைத்து அழைப்பு விடுப்பதும் அதுவே. உடல் பெருத்த பெண் அதை ஏற்கும், விரட்டும். சில வேளைகளில் பிடித்துத் தின்றும் விடும். உருகுவே, அர்ஜென்டினா, தென் பிரேசில் மணற்கரைகளில் வாழும் அலோகோசா செனெக்ஸில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. இதை இயற்கையின் விந்தை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பொது விதி எதைச் சார்ந்து இயங்குகிறது என்பதை இச்சிலந்தி தெளிவாகக் காட்டுகிறது. அதை விளங்கிக்கொள்ள ஆண் தோண்டும் வளையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அனிதா ஐசன்பெர்க், கார்மென் வியேரா, பெர்னாண்டோ கோஸ்டா ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இச்சிலந்தியின் வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தது. அப்போது இவ்வினம் அலோகோசா பிரேசிலியென்சிஸ் என்ற பெயரில் அறியப்பட்டிருந்தது. இதில் ஆணே பெரியது. அது மணலில் செங்குத்தாக ஆழமான வளை தோண்டி, உட்சுவரை இழையால் மெழுகுகிறது. பெண் தங்குவதோ மேலோட்டமான இழைக்கூட்டில். இரவில் பெண் ஆணின் வளையைத் தேடி வந்து, வாசலில் நின்று, தானே முதலில் அழைப்பு விடுக்கிறது. இணைசேர்தல் வளைக்குள் நடக்கிறது. அது முடிந்ததும் ஆண் வெளியேறி, மணலும் இழையும் கொண்டு வாசலை வெளியிலிருந்து அடைக்கிறது. பெண்ணும் உள்ளிருந்து அடைக்கிறது. அந்த மூடிய அறையில்தான் பெண் முட்டைப்பையைக் கட்டிக் காக்கிறது. குஞ்சுகள் பிரிந்து செல்லும் பருவத்தில்தான் அது வெளியே வருகிறது. வீட்டைக் கொடுத்துவிட்ட ஆண் வேறிடத்தில் மறுபடியும் தோண்ட வேண்டும்.

சந்ததிக்காக அதிகம் செலவிடும் பாலினமே இணையைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு காட்டும் என்று ராபர்ட் டிரைவர்ஸ் 1972இல் விளக்கினார். இந்த விதியில் முதன்மையானது செலவு. பெரும்பாலான விலங்குகளில் அந்தச் செலவு பெண்ணின் தலையில் விழுவதால், தேர்வும் பெண்ணுடையதாகத் தோன்றுகிறது. அலோகோசா செனெக்ஸில் ஆண் தன் உழைப்பையும் இழையையும் புகலிடத்தையும் ஒருசேர இழக்கிறது. புது வளை அமையும்வரை திறந்த மணலில் எதிரிகளுக்கு இலக்காகவும் நிற்கிறது. ஆகவே அது வந்த பெண்ணையெல்லாம் ஏற்பதில்லை. ஏற்கப்படாத பெண்ணைத் தாக்கிக் கொன்று தின்பதும் உண்டு.

மத்தியதரைக் கடற்பகுதியின் லைகோசா டரன்டுலாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலக்கமாகும். அங்கே வளையில் நிலைத்து வாழ்வது பெண்; முதிர்ந்த ஆண் தன் வளையை விட்டு அலைகிறது. ஆணைத் தின்பதும் பெண்ணே. இரண்டு இனங்களும் வளை தோண்டுபவைதான். ஆகவே வளை இருப்பது மட்டும் பங்குகளை மாற்றிவிடாது. இணைசேர்ந்த பின் அது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போகிறது என்பதே முக்கியம்.

முட்டைகளை உருவாக்குவது பெண்தானே, அதன் செலவு பெரிதல்லவா என்று கேட்கலாம். பெரிதுதான். அதனால்தான் பெண்ணும் தேர்வைக் கைவிடவில்லை. நீளமான வளையுடைய ஆணையே அது விரும்புகிறது. இரு பக்கமும் செலவிருந்தால் இரு பக்கமும் தேர்வு இருக்கும். இந்த மறுப்பு வாதத்தை வலுப்படுத்துகிறதே தவிர, உடைக்கவில்லை.

இதிலிருந்து ஆய்வுமுறைக்கும் ஒரு முடிவு பிறக்கிறது. இச்சிலந்தியின் இணைவிழைவை அது தோண்டும் மணலிலிருந்து பிரித்துப் படிக்க இயலாது. உருகுவே கடற்கரையில் அயல்நாட்டுப் பைன், அக்கேசியா மரங்களை நட்டதாலும் கட்டடங்கள் பெருகியதாலும் மணற்குன்றுகள் சுருங்கி வருகின்றன. சிலந்திகளின் எண்ணிக்கை குறைவது இதன் ஒரு விளைவு மட்டுமே. ஆழத் தோண்ட இடமில்லாத கரையில் ஆணுக்குக் கொடுக்க வளை இராது, பெண்ணுக்கு அடைந்துகொள்ள அறை இராது. இவ்வினத்தைக் காப்பது என்றால், அதன் நடத்தையை உருவாக்கிய மணற்குன்றைக் குன்றாகவே விட்டுவைப்பதுதான்.