ஆங்கிலத் தோட்டங்களில் ஆமை வளர்ப்பு

பதினெட்டாம் நூற்றாண்டிலே, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஸெல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், ஸஸெக்ஸில் ரிங்மர் என்ற ஊரிலிருந்த தம் அத்தை ரெபெக்கா ஸ்னூக் அம்மையார் நெடுங்காலம் வளர்த்துவந்த தரையாமை ஒன்றை, அவ்வம்மையார் 1780இல் காலமான பின், குளிர்கால நித்திரையிலிருந்தபடியே மண்ணைத் தோண்டி எடுத்து, வாடகைக் கோச்சுகளில் 80 மைல் பிரயாணம் செய்து தம் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்.

திமொத்தி என்று பேர் பெற்ற அந்த ஆமையைப் பற்றி, இத்தனை நீண்ட ஆயுளை இவ்வளவு மந்தமான ஜீவனுக்கு ஆண்டவன் ஏன் அளித்தான் என்று வியந்தவர் அவர். ஆனால் அது தம் கண்ணெதிரிலேயே நடமாடத் தொடங்கியதும், அதன் சுபாவத்தை வெகு சிரத்தையோடு கவனிக்கலானார். அதை நிறுத்துப் பார்த்தார். ஒலிபெருக்கும் குழாய் வழியே கூவி, அதற்குக் காது கேட்கிறதா என்று பரிசோதித்தார். லெட்டூஸ், டாண்டெலியான் போன்ற பால் வடியும் செடிகளே அதற்கு மிகப் பிரியமான ஆகாரம் என்பதையும், இலையுதிர் காலத்து மங்கிய வெயிலை வீணாக்காமல் பெறுவதற்காக அது சுவரில் ஓட்டைச் சாய்த்து நிற்பதையும், முன்பு ரிங்மரில் இருந்தபோது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனக்கு உணவிட்ட மூதாட்டியைக் கண்டால் மட்டும் தத்தித் தத்தி எதிர்கொண்டு சென்றதையும் எழுதிவைத்தார். 1789ஆம் ஆண்டு தேதியிட்டு வெளிவந்த ஸெல்போர்ன் இயற்கை வரலாற்று நூலில் அதற்கும் இடம் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள அதன் ஓட்டை ஆராய்ந்த பிற்காலத்தவர், ஆண்பெயர் தாங்கிய அது பெண் என்று கண்டனர்.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும் அந்த அவதானத்தைப் பின்வந்தவர்கள் பொருட்படுத்தவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடுக்கடுக்காக வந்திறங்கிய ஆமைகள் வீதிகளில் அற்ப விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் ரொட்டியும் பாலும் கொடுத்தார்கள். நாரும் சுண்ணாம்புச்சத்தும் மிகுந்த களைச்செடிகளைத் தின்று வாழும் பிராணிக்கு இது தகாத உணவு. ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டினார்கள். ஓடு நரம்பும் ரத்தமும் ஓடுகிற உயிருள்ள எலும்பு என்பதை அவர்கள் உணரவில்லை. கோடையில் போதிய உணவும் வெயிலும் பெறாத ஆமையை வைக்கோல் நிரம்பிய பெட்டியில் மூடிக் கொட்டகையில் வைத்துவிட, உறைபனி தாக்கிக் கண்ணிழந்தவையும், வசந்தத்தில் எழாமலே போனவையும் பல.

அபூர்வமாகச் சில நீடித்து வாழ்ந்தன. கிரிமியப் போர்க் காலத்தில் கப்பற்படையினரோடு இருந்து, பின்னர் டெவன்ஷயரின் பவுடர்ஹாம் கோட்டையை அடைந்த இன்னொரு திமொத்தி (அதுவும் பெண்தான்) 2004 வரை உயிரோடிருந்தது.

1984இல்தான் மத்தியதரைக் கடற்கரை ஆமைகளை வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வதை ஐரோப்பியச் சமூகம் தடை செய்தது. காட்டிலிருந்து பிடித்துவருவது குறைந்ததனால், வீட்டிலே குஞ்சு பொரிக்கச் செய்வோரும், இருக்கிற ஒன்றைக் கண்ணாகக் காப்போரும் பெருகினர். இன்று அவர்கள் களைக்கீரைகளையே பிரதான ஆகாரமாகக் கொடுத்து, வெயில் குறைந்த நாட்களில் புறஊதா விளக்கேற்றி, நித்திரைக்கு முன் குடல் காலியாகும்படி சில வாரம் உணவை நிறுத்தி, எடையைக் குறித்துக்கொண்டு, சுமார் 5 டிகிரி செல்சியஸில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டியில் அதை உறங்கவைக்கிறார்கள். மூச்சு முட்டாதபடி அவ்வப்போது கதவைத் திறந்து காற்றை மாற்றவும் தவறுவதில்லை.