ஏட்டுச் சுவடியும் கேள்வியறிவும்

எழுதுகருவி அறிவைச் சேமித்து வைக்கும் கலமாக மட்டும் அமைவதா, அன்றி அறிவின் இயல்பையே மாற்றுவதா என்னும் வினா மிகப் பழையது. கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ ‘பீடிரசு’ என்னும் உரையாடல் நூலில் இதனை ஒரு கதைவாயிலாக எழுப்பியுள்ளார். எழுத்தைக் கண்டறிந்த தெய்வம் அதனை எகிப்து மன்னனிடம் காட்டிப் புகழ்ந்தது. எழுத்தை நம்புவார் நினைவாற்றல் குன்றுவர் என்றும், கற்றார்போல் தோன்றுவரேயன்றிக் கற்றவர் ஆகார் என்றும் மன்னன் மறுத்தான். எழுதிய சொல் தன்னை வினவுவார்க்கு விடை கூறாது என்பது அந்நூலிற் சாக்ரடீசு காட்டும் குறை. இக்கருத்துத் தமிழ்ச் சுவடிகளுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பனையோலையில் எழுத்தாணியாற் கீறி எழுதுவோர், ஓலை பொத்தலாகும் என அஞ்சிப் புள்ளியிடுதலைப் பெரும்பாலும் தவிர்த்தனர். மெய்யெழுத்திற்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் தொல்காப்பியம் விதித்த புள்ளி இவ்வாறு ஏட்டில் மறைந்தது. ஆகவே, ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒரே வடிவின. காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு காண்டல் அரிது. செய்யுள் அடி பிரிக்கப்படாமல் உரைநடைபோல் ஓடும். எனவே, பாடத்தை ஓரளவேனும் முன்னரே கேட்டறிந்தவர்க்கே ஏடு பயன்பட்டது. நூலின் ஒரு பாதி ஓலையிலும் மற்றொரு பாதி ஆசிரியர் நாவிலும் இருந்தன என்னலாம்.

நாவிலிருந்த அப்பாதி அற்றுப்போயின் விளைவது யாது? 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடல் இதற்கு விளக்கமாகும். அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக அவ்வாண்டு அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீபு சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடங்கேட்ட அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலியவற்றை அவர் அடுக்கவே, முதலியார் அவற்றால் நிறைவுறாது, சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். பெரும் புலவர்பால் முறையாகக் கற்றவர்க்கும் அந்நூல்கள் பாடமாகக் கிடைத்தில. ஏடுகள் எஞ்சியிருந்தும் பாடஞ்சொல்லும் மரபு அற்றிருந்தது.

சீவகசிந்தாமணியை ஆராயப் புகுந்த ஐயர், நச்சினார்க்கினியர் உரை இருந்தும், சமண சமயக் கருத்துக்கள் விளங்காது இடர்ப்பட்டார். அவ்வூர்ச் சமணர் இல்லங்களில் அந்நூல் அன்றும் சமய நூலாகப் படிக்கப்பட்டு வந்தது. புலவர் அறியாப் பொருளை அச்சமயத்தார் கேள்வி மரபாற் காத்திருந்தனர். அவர்பால் வினவித் தெளிந்தே அவர் 1887இல் நூலைப் பதிப்பித்தார். இதுகாறும் சாக்ரடீசின் கூற்று வலியுடையதாகவே தோன்றும்.

ஆயின், மணிமேகலை இதற்கு மாறான சான்றாகும். வினவித் தெளிதற்குப் பௌத்தர் மரபு தமிழகத்தில் அக்காலத்து எஞ்சவில்லை. ஐயர் தம் கல்லூரிப் பேராசிரியர் அரங்காசாரியார் துணையால், பௌத்தம் பற்றிப் பிறமொழி நூல்களிற் கண்ட செய்திகளைக் கேட்டறிந்து, 1898இல் அதனை வெளியிட்டார். வாய்மொழி மரபு முற்றும் அற்றபின்னும், ஓர் எழுத்தைப் பிறிதோர் எழுத்தின் துணைகொண்டு பேசுவிக்க இயலும் என்பது இதனாற் புலனாம். எனினும் அதற்கும் இருவர் கூடியிருந்து வினவியும் விடுத்தும் ஆராய வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது.

அச்சு செய்த மாற்றம் இவ்விடத்தே விளங்கும். அது படிகளைப் பெருக்கியதோடு அமையவில்லை. புள்ளி மீண்டது, அடியும் சீரும் பிரிந்தன, பாடவேறுபாடும் அரும்பத அகராதியும் நூலொடு சேர்ந்தன. ஆசிரியர் நாவிலிருந்தவற்றுட் பல தாளில் ஏறின. அதனால் ஆசிரியர் இல்லாதாரும் கற்கும் நிலை பிறந்தது. பாடங்கேட்டல் என்னும் பழைய முறையும் அதனாலேயே தளர்ந்தது.

இன்று சுவடிகள் படம் பிடிக்கப்பெற்றுக் கணினியில் ஏறி வருகின்றன. ஓலை அழியினும் அதன் வடிவம் நிற்கும் என்பது பெரும்பேறே. ஆயினும், படத்திலுள்ள ‘எரி’ எரியோ ஏரியோ எனத் துணிதற்குச் சுவடிப் பயிற்சியும் யாப்பறிவும் உடையார் வேண்டும். ஆதலின், சுவடிகளைக் காக்கும் முயற்சியோடு சுவடி படிப்பாரை உருவாக்கும் பயிற்சியும் தமிழ்த்துறைகளில் ஒருங்கு நடைபெறுதல் இன்றியமையாதது.