நாட்பட்ட வலிக்கு மனச்சோர்வு நீக்கி மருந்துகள்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாட்பட்ட வலி எனப்படும். நீரிழிவு நரம்பு வலி, அக்கி ஆறிய பின் தொடரும் வலி முதலியவற்றுக்கு மனச்சோர்வு நீக்கிகளான அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் ஆகியன தரப்படுகின்றன. தன் வலியை வெறும் மனப்பிரமை என மருத்துவர் கருதுவதாக எண்ணி, நோயாளி மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. இது தவறான புரிதல். மனச்சோர்வு இல்லாதவரிடமும் இவை வலியைக் குறைக்கக்கூடும்.

செயற்படும் விதம்

மூளையிலிருந்து தண்டுவடத்திற்கு இறங்கும் நரம்புகள் வலிச் சமிக்ஞையை மட்டுப்படுத்துகின்றன. அந்நரம்புகள் வெளியிடும் செரோட்டோனின், நார்அட்ரீனலின் ஆகியவை மீள உறிஞ்சப்படுவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராம் அளவில் தொடங்கப்படும். மனச்சோர்வுக்குரிய அளவு இதனினும் பன்மடங்கு. வாய் உலர்தல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் ஆகியன பக்க விளைவுகள். 2023-இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, டுலோக்செட்டினுக்கே நம்பத்தகுந்த சான்று இருப்பதாகவும், பரவலாக எழுதித்தரப்படும் அமிட்ரிப்டிலினுக்குச் சான்று போதாது என்றும் கண்டது.

பழனி மலைச் செடி

கொடைக்கானல் பகுதியின் சோலைக்காட்டு ஓரங்களில் ஐப்பெரிக்கம் மைசூரென்சு என்ற மஞ்சள் பூச்செடி வளர்கிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஐரோப்பியச் செடியான ஐப்பெரிக்கம் பெர்ஃபோரேட்டம் மனச்சோர்வுக்கான மூலிகை. இரண்டும் ஒன்றல்ல, மலைச்செடியை அதற்கு ஈடாகக் கொள்ளலாகாது. ஐரோப்பிய மூலிகையை மேற்கண்ட மாத்திரைகளுடன் சேர்த்து உண்டால் உடலில் செரோட்டோனின் மிகுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே உட்கொள்ளும் மூலிகைகளையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.