பெட்டியும் அடிவானமும்

படம் வரையப் பழகணும்னா முதல்ல பெட்டி வரை என்கிறார்கள். சுங்கை பாக்காப் கடைவீட்டு வரிசைக்கு எதிரே நின்று நான் வரையும் பெட்டிகள் கோணலாகத்தான் வருகின்றன. ஐந்தடியின் தூண்கள் எல்லாம் ஒரே உயரம் என்று மனம் சொல்கிறது; கண்ணுக்கு அவை குறுகிக்கொண்டே போகின்றன.

இந்தக் கணக்கை 1435-இல் எழுதிவைத்தவர் இத்தாலியின் ஆல்பெர்ட்டி. பினாங்கை அந்தக் கணக்கில் வரைந்தவர்களில் ஒருவர் என்னைப் போல் பொறியாளர்: வங்காளப் பொறியாளர் படையின் கேப்டன் ராபர்ட் ஸ்மித். அவருடைய பத்துத் தீவுக் காட்சிகளை வில்லியம் டேனியல் செதுக்க, 1821-இல் அச்சாயின. குன்றிலிருந்து பார்த்த காட்சிகள் அவற்றில் உண்டு. குளுகோர் மாளிகையும் வாசனைப்பயிர்த் தோட்டமும் உண்டு.

அடிவானக் கோடு எப்போதும் வரைபவரின் கண் மட்டத்தில்தான் விழும். குன்றில் நின்றால் தோட்டத்தில் குனிந்து நிற்பவர் ஒரு புள்ளி. பின்னாளில் இந்தக் கரையின் கரும்புத் தோட்டங்களில் குனிந்து நின்றவர்கள் நம்ம ஆளுங்க. அவர்கள் கண் மட்டத்திலிருந்து வரைந்த படம் எதையும் நான் பார்த்ததில்லை.

நேற்று ஐந்தடியில் உட்கார்ந்து வரைந்தேன். பெட்டிகள் இன்னும் கோணல்தான். ஆனால் அடிவானக் கோடு, பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டும் அக்காவின் கண் மட்டத்தில் விழுந்திருந்தது.